38 குண்டுக்கு ஒரு கணக்கப்பிள்ளை

ஏலே பேராண்டி, இப்படி வந்து திண்ணையில உக்காரு. அந்த லேப்டாப்பை மூட வேண்டாம், அது பாட்டுக்கு ஓடட்டும். ரொம்ப நாளாப் பாக்கேன். அதுக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு பல்லைக் கடிக்கே, தொடையில அடிக்கே, "இது எப்படி முடியும்?"னு தன்னால பேசுதே. உங்க ஆச்சி பயந்துபோய் வேப்பிலை ஒடிக்கக் கிளம்பிட்டா. நான்தான் நிறுத்தி வச்சேன். பயலுக்குப் பேய் பிடிக்கலை, 1995-ல அமெரிக்காக்காரன் எடுத்த 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்'னு ஒரு டிவித் தொடர் பிடிச்சிருக்கு, மொத்தம் 172 பாகம், முடிஞ்சதும் தன்னால இறங்கிரும்னு சொல்லியிருக்கேன்.

எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனா கதை நீ சொல்லித்தான் தெரியுமே. கேத்ரின் ஜேன்வேன்னு ஒரு பொம்பளை கேப்டன், ஒரு கப்பல், அதுல நூத்துச் சொச்சம் சனம். கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள 70,000 ஒளியாண்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுட்டான் ஒருத்தன். முழு வேகத்துல வந்தாலும் வீடு திரும்ப 75 வருசம். திரும்பி அனுப்பக்கூடிய எந்திரம் ஒண்ணு பக்கத்துலயே நிக்கி. அது கெட்டவன் கையில சிக்கினா அங்க இருக்கிற அப்பிராணி சனம் அழிஞ்சு போகும்னு அந்தம்மாவே அதை உடைச்சுப் போட்டுருதா. உடனே நீ என்ன சொன்னே? "தாத்தா, வெடிக்கு நேரம் குறிச்சு வச்சுட்டு, அதே எந்திரத்துல வீட்டுக்குப் போயிருக்கலாமே!"

நீ மட்டுமாலே சொன்னே? முப்பது வருசமா இதைப் பாத்த அம்புட்டுப் பேரும் அதைத்தான் சொல்லுதான். நல்ல யோசனைதான். ஆனா அந்தம்மா அப்படிச் செஞ்சிருந்தா முதல் நாளே கப்பல் வீடு போய்ச் சேந்திருக்கும். மிச்சம் ஏழு வருசம் நீ எதைப் பாத்துப் பல்லைக் கடிப்ப? ராமாயணக் கூத்து நடக்கையில, "சாமி, அது மாரீசன், மானில்லை, பின்னால போகாதீரும்"னு எவனாவது எந்திரிச்சுக் கத்தினா, ராமர் வேசம் கட்டினவன் என்னலே பண்ணுவான்? வில்லைச் சுவத்துல சாத்திட்டு டீ குடிக்கப் போயிருவான்.

அடுத்தது அந்தக் குண்டுக் கணக்கு. கப்பல்ல இருக்கிறது 38 போட்டான் டார்பிடோ, தீந்தா வேற கிடையாதுன்னு முதல் வருசத்துலயே அவுக வாயாலயே சொல்லிட்டாக. பாவிக, எண்ணிக்கையைச் சொல்லாம இருந்திருக்கலாம். சொன்னதும் போச்சு. உலகத்துல இருக்கிற கணக்கப்பிள்ளை அம்புட்டுப் பேரும் நோட்டைத் தூக்கிட்டான். இந்தச் சண்டையில ரெண்டு, அந்தச் சண்டையில நாலுன்னு குறிச்சுக்கிட்டே வந்தா, 38 எப்பவோ தாண்டிருச்சு, அவுக பாட்டுக்குச் சுட்டுக்கிட்டே இருக்காக. ஷட்டில்னு சின்ன வண்டிக வேற. இந்த வாரம் ஒண்ணு நொறுங்கும், அடுத்த வாரம் அதே இடத்துல புதுசு நிக்கும்.

அதுக்கு நான் சொல்லுற புத்திமதி இதுதான். குண்டை எண்ணு, வேண்டாம்னு சொல்லலை. ஆனா குண்டோட நிறுத்தாதே. ஏழு வருசம் அந்தம்மா எத்தனை காப்பி குடிச்சா, காப்பிக்கொட்டை எந்தக் கடையில வாங்கினா, கடனா ரொக்கமா, அதையும் எழுது. அந்தச் சமையக்காரன் நீலிக்ஸ் லியோலா கிழங்கைப் போட்டு ஆக்கினதை எத்தனை பேரு வாயில வச்சுட்டுத் துப்பினான், அதுக்கும் ஒரு பத்தி போடு. கல்யாண வீட்டுல ரசத்துல உப்பில்லைம்பான் ஒருத்தன், சாம்பார் தண்ணிம்பான், அப்பளம் நமுத்துப் போச்சும்பான். எங்கிருந்து சொல்லுதான்னு திரும்பிப் பாத்தா மூணாம் பந்தியில உக்காந்து இலையை வழிச்சுக்கிட்டிருப்பான். உங்க கூட்டம் அந்தக் கூட்டம்தான்லே. பிடிக்காதவன் முதப் பந்தியிலயே கையைக் கழுவிட்டுப் போயிருப்பான்.

கப்பல் எப்பவும் பளபளன்னு இருக்கு, பரதேசம் போன வண்டி மாதிரியே இல்லைன்னு இன்னொரு குறை. 1997-ல ரெண்டு பாகத்துக்குக் கப்பலை அடிச்சு நொறுக்கிக் கந்தலாக்கினாக. எல்லாரும் ஆகான்னான். கடைசியில காலச் சக்கரத்தை ஒரு சுத்துப் பின்னால சுத்தி, எதுவுமே நடக்கலைன்னு ஆக்கிட்டாக. கப்பல் பழையபடி பளபள. அன்னைக்கு நீ தலகாணியைத் தூக்கி எறிஞ்சது என் செம்புல பட்டுத் தண்ணி கொட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு. இதே குறையைச் சொன்ன ரொனால்ட் மூர்னு ஒரு எழுத்துக்காரர், கொஞ்ச நாள் அங்க வேலை பாத்துட்டு வெளியேறி, பின்னால 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'ன்னு தானே ஒண்ணு செஞ்சாராமே. அதுல தண்ணிக்குத் தட்டுப்பாடு, ஆளுக்குத் தட்டுப்பாடு. உசுரோட மிச்சம் எத்தனை பேருன்னு பேரு ஓடுறப்பவே எண்ணிக்கை போட்டாராம். உங்க கணக்கப்பிள்ளைகளுக்கு இதைவிட யாருலே மரியாதை செய்ய முடியும்? அதோட முடிவைப் பாத்துட்டும் சண்டை போட்டீகளாமே. நல்லாருங்க.

இந்த டூவிக்ஸ் பஞ்சாயத்துக்கு வருவோம். டூவாக்னு ஒரு உம்மணாமூஞ்சி, அந்தச் சமையக்காரன், ஒரு பூ. மூணையும் ஆள் அனுப்புற மிஷின் ஒண்ணாப் பிசைஞ்சு டூவிக்ஸ்னு புதுசா ஒருத்தனை எறக்கி விட்டுருது. நல்ல மனுசன். கப்பல்ல எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. அப்புறம் பிரிக்கிறதுக்கு வழி கண்டுபிடிச்சதும், "என்னைக் கொல்லாதீங்க"ன்னு கெஞ்சுதான். கப்பல் டாக்டர் நான் செய்யமாட்டேன்னுட்டான். அந்தம்மா தன் கையாலயே பிரிச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாம நடந்து போறா. இது 1996-ல வந்தது. கொலையா, ரெண்டு உசுரை மீட்டதான்னு இன்னைக்கு வரைக்கும் அடிச்சுக்கிறீகளே. நம்ம மேலக்காட்டு வரப்புத் தகராறே பதினெட்டு வருசத்துல முடிஞ்சு போச்சுலே. "நீயா இருந்தா என்ன செய்வ?"ன்னு கேட்டேன், நீ செல்போனை நோண்ட ஆரம்பிச்சே. நானும் அன்னைக்கு ராத்திரி வெத்தலை போடலை, அது வேற விசயம்.

ஹாரி கிம்முனு அந்தப் பையன் விசயத்துல மட்டும் நான் உன் கட்சி. என்சைன்ங்கிற அடிமட்டப் பதவியில ஏறினவன் ஏழு வருசம் கழிச்சு என்சைனாவே இறங்குதான். கூட இருந்த டாம் பாரிஸ் சொல்பேச்சுக் கேக்காம ஜெயிலுக்குப் போயி, பதவி இறங்கி, திரும்பவும் பழைய பதவியை வாங்கிட்டான். ஒழுங்கா வேலை பாத்தவன் அப்படியே நிக்கான். இதைப் பாத்து ஆச்சரியப்படுறவன் எவனும் ஆபீஸ்ல வேலை பாத்திருக்க மாட்டான்.

எல்லாரும் நோட்டுப் போட்டுத் திட்டிக்கிட்டு மட்டும் இருக்கலை, அதையும் சொல்லிரணும். இத்தாலிக்காரி ஒருத்தி, சமந்தா கிறிஸ்டோஃபோரெட்டி, நெசமாவே மேல போயி, 2015-ல விண்வெளி நிலையத்துல முதல் எஸ்பிரெஸோ காப்பியைக் குடிச்சா. அதைக் குடிக்கையில என்ன சட்டை போட்டிருந்தா? வாயேஜர் கேப்டன் சட்டை. இண்டியானாவுல புளூமிங்டன்ங்கிற ஊர்ல ரசிகர்களே காசு சேத்து 2020-ல அந்தம்மாவுக்கு வெண்கலச் சிலை வச்சுட்டாக. ஏன்னா கதைப்படி அவ அங்கதான் பிறக்கப் போறாளாம். செத்தவுகளுக்குச் சிலை வச்சுப் பாத்திருக்கேன், உசுரோட இருக்கிறவன் தனக்குத்தானே வச்சுக்கிட்டதையும் பாத்திருக்கேன். பிறக்கப் போறவளுக்கு வச்சதை இப்பத்தான் கேக்கேன்.

முடிவு உனக்குப் பிடிக்கலை. 2001-ல, கடைசிப் பாகத்துல, வயசான ஜேன்வே காலத்துல பின்னால வந்து குறுக்கு வழி காட்டுதா. கப்பல் பூமிக்குப் பக்கத்துல வந்து நிக்கி. அம்புட்டுத்தான், படம் முடிஞ்சுது. ஏழு வருசம் காத்துக் கிடந்த பொண்ணு வாசப்படிக்கு வந்தாச்சு, ஆரத்தித் தட்டைத் தூக்குறதுக்குள்ள மின்சாரத்தை நிறுத்திட்டான். யாரு கட்டிப்பிடிச்சு அழுதா, யாரு வீட்டுல என்ன சாப்பாடு, ஒண்ணுமே காட்டலை. இதுக்கு நீ கோவப்பட்டது நியாயம். அதுக்காக முதல் பாகத்துல இருந்து திரும்பவும் பாக்க ஆரம்பிச்சியே, அதுக்கு என்னலே நியாயம்?

சரி, நேரமாச்சு. வெளக்கை அணைச்சுட்டுப் படு. நாடகம்னா நாடகமாப் பாக்கணும், விட்டுத் தள்ளணும்.

...ஏலே. தூங்கிட்டியா? ஒண்ணுமில்லை. டாம் பாரிஸ் ரொம்ப வேகமாப் போயி பல்லி மாதிரி ஆகி, அந்தம்மாவையும் தூக்கிட்டுப் போயி அவளும் பல்லியாகி, ரெண்டும் குட்டி போட்டுச்சே. எழுதின பிரானன் பிராகாவே அது சரியா வரலைன்னு பின்னால ஒத்துக்கிட்டாரு, வேசம் போட்டதுக்கு மட்டும் எம்மி விருது கிடைச்சுதுன்னு நீ விழுந்து விழுந்து சிரிச்சியே, அதுதான். பெரிசுக ரெண்டையும் கப்பலுக்குக் கொண்டுவந்து மனுசனா மாத்திட்டாக. குட்டிகளை அந்தத் தண்ணியிலயே விட்டுட்டு வந்தாகளே... பிறகு யாராவது போய்ப் பாத்தாகளாலே?