எல்லையோரப் பாட்டுப்பெட்டிகள்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களையும் சென்னை ராஜ்யத்துக்கு அளித்து, நெய்யாற்றின்கரையை மட்டும் கேரளத்திலேயே நிறுத்திவைத்த ராஜதந்திரிகள், பழைய பாட்டுப்பெட்டி வியாபாரத்துக்குத் தாங்கள் புரிந்த மகோபகாரத்தை அறிந்திருக்க நியாயமில்லை. களியக்காவிளையில் 'கேரளத்துச் சரக்கு' என்று பெருமை கொள்ளும் அதே டேப் ரிக்கார்டர், சொற்ப தூரம் நகர்ந்து பாறசாலையை அடைந்ததும் 'தமிழ்நாட்டில் பொன்போல் வைத்திருந்தது' ஆகிவிடும்.

வளைகுடாவிலிருந்து வந்திறங்கிய நேஷனல் பானசோனிக் பெட்டியை விற்கச் செல்பவரிடம், "ஹெட்டு தேஞ்சாச்சு, பெல்ட்டும் தளந்து கெடக்கு, ஒங்க மொகத்துக்காவ எடுக்கேன் அண்ணாச்சி" என்று பரம தயாளனாகப் பேசும் வியாபாரி, அடுத்த வாரம் அதனையே வாங்க வருபவரிடம், துபாய்க்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்திரம் கேட்டது என்று சத்தியம் செய்வார். இடையில் நிகழ்ந்த சிகிச்சை, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்ததே. சோதித்துக் காட்ட அவர் எப்போதும் செண்டைமேளக் கேசட்டையே போடுவதற்கும் காரணம் உண்டு. அந்த முழக்கத்தில் எந்த இரைச்சலும் அடங்கிப்போகும்.

வீட்டுக்கு வந்து நெய்யாற்றின்கரை வாசுதேவன் கேசட்டைப் போட்டால்தான், தளர்ந்த பெல்ட்டின் கிருபையால், அந்த வித்வான் பாடாத கமகங்களும் கேட்கும். முறையிடச் சென்றவருக்கு ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கும்படி உபதேசம் கிடைக்கும். ஸ்பிரிட்டுக்கு விலை தனி.