கீரை புழியப் போற பேரனுக்கு

ஏங்கண்ணு, டோக்கியோவுக்கு வேலைக்குப் போயி, நிஷிகசாயில நம்ம சனத்துக்கு நடுவுலயே ஊடு புடிச்சு, நம்மாளு கடையிலயே பருப்பும் புளியும் வாங்கிட்டு, சப்பான்காரன் சோறுன்னா பச்சை மீனுதான்னு இத்தன நாளு சொல்லிட்டிருந்தே. இப்பத் திடீர்னு கோமாயே பண்ணப் போறேங்கறே. எள்ளுப்பொடியில பெரட்டுன கீரை, அவ்வளவுதான். அதுக்கு நீ வாங்கி அடுக்கியிருக்கற சாமானத்த போன்ல பாத்தேன். கல்யாணச் சமையக்காரனே மெரண்டு போவான்.

நாலு சாமான் போதும் சாமி: கீரை, எள்ளு, சோயா சாஸ், சர்க்கரை. அஞ்சாவதா உன்ற கை எதத் தேடும்னு எனக்குத் தெரியும். அந்தக் கடுகு டப்பாவ எடுத்துப் பரண் மேல வெச்சுட்டு, ஏணிய யாருக்காச்சும் எரவல் குடுத்துரு.

இதுக்குண்டான கீரைக்கு அங்க ஹோரென்சோன்னு பேரு. குளிரு காலத்துல சுருக்கம் சுருக்கமா இலை வெச்சது கடைக்கு வரும். வேணும்னே பனியில நிக்க வெச்சு வளக்கறது. ஒறைஞ்சு போகாம இருக்கோணும்னு அந்தச் செடி தனக்குள்ள சர்க்கரையச் சேத்துக்கும். கடைசியில அதத் திங்கறவன் நீயி. அடித்தண்டு ரோசா நெறத்துல இருக்குதுன்னு வெட்டி வீசிராத, தித்திப்பே அங்கதான். குறுக்க ஒரு கீறல் போட்டு மண்ணக் கழுவு.

அகலமான சட்டியில தண்ணி தளதளன்னு கொதிக்கோணும், ஒரு சிட்டிகை உப்பு. கீரையோட தலையப் புடிச்சுட்டு அடித்தண்ட மட்டும் முங்க வெச்சு 30 எண்ணு. பொறவு முழுசாத் தள்ளி இன்னொரு 30. மூடி போடாத. அந்த நேரம் பாத்து மேனேசர் கூப்புட்டா, பொண்டாட்டி ஊட்ல இல்லைன்னு சொல்லி வெச்சுரு. உனக்குக் கல்யாணமே ஆகலைங்கறது அவனுக்கு நாளைக்கு ஞாபகம் வரட்டும்.

எடுத்த கையோட பச்சைத் தண்ணியில போடு. பச்சை நெறம் அப்படியே நிக்கும், பல்லுல ஒட்டற காறலும் போகும். ஆக்சாலிக் அமிலம்னு படிச்சிருப்பியே, அதுதான் அந்தக் காறல். அதுக்காக ஊறப்போட்டுட்டு ரீல்ஸ் பாக்க உக்காந்தீன்னா ருசியும் சேந்து போயிரும், நம்ம குத்தமில்ல.

இனிப் புழியறது. உன்ற வண்டவாளம் வெளிய வாற எடம் இதுதான். வேட்டியப் புழியற மாதிரி முறுக்குனீன்னா கீரை நாறு நாறாப் போயிரும். தண்டெல்லாம் ஒரு பக்கமா வரிசையாச் சேத்துப் புடிச்சு, மேலயிருந்து கீழ அமுக்கி அமுக்கிக் கொண்டு வரோணும். 4 சென்டிமீட்டர் துண்டா நறுக்கு. அதுமேல ஒரு டீஸ்பூன் சோயா தெளிச்சு, இன்னொருக்கா புழி. புழிஞ்சதையே எதுக்குப் புழியறதுன்னு மொணங்குவே. உள்ள ஒளிஞ்சிட்டிருக்கற தண்ணிய அந்தச் சோயா வெளிய இழுத்தாரும், கீரைக்குள்ளயும் மெல்ல உப்பு ஏறும். சப்பான் பொம்பளைக இதச் சோம்பல் படாமப் பண்ணுவாங்க. நீ இதத் தாண்டிப் போயிட்டு, கிண்ணத்துல தண்ணி நிக்குதேன்னு எனக்குப் போன் போடுவே.

எள்ளுக்கு வருவோம். அந்த நாட்டுக்காரங்க எள்ளு இல்லாமக் கை நனைக்க மாட்டாங்க, ஆனா அங்க வெளையறது நூத்துல ஒரு பங்குகூடத் தேறாது. கப்பல்ல வாறதுதான் எல்லாம், ஆப்பிரிக்காவுல இருந்து நெம்ப வருது. பாக்கெட்டுல வறுத்ததுன்னு எழுதியிருந்தாலும் மூணு டேபிள்ஸ்பூன் வெள்ளை எள்ள வெறுஞ்சட்டியில ஒருக்கா சூடு காட்டு. ரெண்டு எள்ளு துள்ளுச்சுன்னா எறக்கிரு. சுரிபாச்சின்னு ஒரு மண்சட்டி, உள்ள சீப்பு இழுத்தாப்பல கோடு கோடா இருக்கும். அதுல மரக்குழவிய வெச்சு அரைக்கறது. அடியில ஈரத்துணி போடு, இல்லாட்டி சட்டி உன்னையச் சுத்தும். எள்ளுன்னா எண்ணெயா நிக்கறவன்னு உங்கொப்பன் உன்னைய மெச்சுவான். அந்தச் சுறுசுறுப்பு இங்க ஆகாது சாமி. அரையும் குறையுமா நொறுங்குனதும், எண்ணெய் விடறதுக்கு முன்னாடி கைய எடுத்துரு. மிக்சியில ஒரு சுத்து விட்டா என்னங்கறியா? தாராளமா விடு, பிசுபிசுன்னு வாறத செக்குக்காரனுக்கு வித்துரலாம்.

கூட இருக்கற பையன் சும்மா நின்னு வீடியோ எடுத்தான்னா, எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குடா காயுதுன்னு கேட்டு, ஊட்டக் கூட்டச் சொல்லு.

அரைச்ச எள்ளுல ரெண்டு டீஸ்பூன் சர்க்கரை, மூணு டீஸ்பூன் சோயா. கீரைய அந்தச் சட்டியிலயே போட்டுப் பெரட்டிரு. திங்க உக்காரறப்பத்தான் பெரட்டோணும். முன்னாடியே பெரட்டுனா மறுபடி தண்ணி விட்டுக்கும். சின்னக் கிண்ணத்து நடுவுல குமிச்சு வெய்யி. சோறு, ஒரு சூப்பு, மூணு தொட்டுக்கன்னு வெக்கற பந்தியில இது ஒரு ஓரத்து ஆளு. வாளியில அள்ளி வந்து எலையில கொட்டற பவுசு இதுக்கு இல்ல.

ஹோரென்சோ வெலை ஏறிப்போச்சுன்னா கொமாட்சுனாங்கற கீரைய வாங்கிக்க. அதுல காறல் கம்மி. நீ வாடகை குடுக்கற எடோகாவா வட்டாரந்தான் அதுக்குப் பொறந்த ஊடு. யோஷிமுனேன்னு எட்டாவது ஷோகன் வேட்டைக்கு வந்தப்ப அங்க தின்னுட்டு, அந்தப் பக்கத்துக் கொமாட்சு ஆத்துப் பேரையே வெச்சுட்டுப் போனான்னு ஒரு கதை சொல்லுவாங்க. நீ அந்த வட்டாரத்துல இருந்துட்டு வெண்டைக்காய் தேடி ரயிலேறிப் போறே.

சட்டிக் கோட்டுக்குள்ள எள்ளு அப்பிக்கும். காயறதுக்குள்ள தண்ணி ஊத்தி, கோடு போற பக்கமாவே பிரஷ் போட்டுத் தேய்ச்சு வெச்சுரு. ஊறட்டும், காத்தால பாத்துக்கலாம்னு போட்டு வெச்சே, உங்காத்தா வீடியோ கால்ல அதத்தான் மொதல்ல பாப்பா.