பீஸ் ரேட் மாமா

பனியன்காரர்களுக்கு எந்தப் பொருளின் வெளிப்பக்கத்திலும் நம்பிக்கை கிடையாது. பீஸைப் புரட்டு, உள்தையலைப் பார், இழுத்துப் பார், அப்புறம் பேசு. அவிநாசிபாளையத்தில் பவர் டேபிள், அதாவது பனியன் தைக்கும் பட்டறை, போட்டிருக்கும் எங்கள் மாமா, கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துக்கொண்டே கோட்டு ஓரத்தைத் திருப்பிப் பார்த்தவர். எனக்கு மட்டும் மாமா இல்லை, ஊரில் பாதிப் பேருக்கு அவர் மாமாதான். தாராபுரம் ரோட்டில் டேபிளுக்கு ஒருவர் இப்படி உண்டு. (அவிநாசி என்று நினைத்துப் பஸ் ஏறிவிடாதீர்கள். அது திருப்பூருக்கு வடக்கே, நாங்கள் தெற்கே.)

மாமா ஜாப் ஒர்க்காரர், அடுத்தவர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர். 1978-ல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் பனியன் தேடி வந்ததில்தான் திருப்பூரின் ஏற்றுமதிக்கு வழி திறந்தது என்பார்கள். அன்று முதல் எத்தனையோ நாட்டுப் பையர்கள் வந்து போய்விட்டார்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது எக்ஸ்போர்ட்டர்கள் பாடு. ஜாப் ஒர்க்காரருக்கு வருவது கட்டிங் பண்டலும், 'நாளைக்குள்ள வேணும்' என்ற போனும்தான். ஆகவே மகள் காலேஜுக்குப் போகும்வரை மாமாவுக்கு வெளிநாட்டுச் சாப்பாடு வெறும் கேள்வி ஞானம்.

மகளுக்கு 2020 ஊரடங்கில் கொரிய நாடகம் தொற்றிக்கொண்டது. கொரோனா போய்விட்டது, கொரியா போகவில்லை. 2022-ல் 'எக்ஸ்ட்ராடினரி அட்டர்னி வூ' வந்தது. அதில் வரும் ஆட்டிசம் உள்ள வக்கீல் பெண்ணுக்கு எந்நேரமும் கிம்பாப்தான் சாப்பாடு. துண்டு போட்டு வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வாயில் போட்டபின் திடுக்கிட வேண்டியதில்லை என்பது அவள் கட்சி. மகள் இதைச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்பக்கத்தைக் காட்டி விற்கிற பண்டமா!

"போலாம் கண்ணு" என்றார்.

சனிக்கிழமை சம்பளம் போடும் நாள், நகர முடியாது. ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் ஒரு சின்னக் கொரியக் கடைக்குப் போனோம். போய் உட்கார்ந்த பிறகுதான் அத்தைக்கு அன்று அமாவாசை, கவுச்சி ஆகாது என்பது ஞாபகம் வந்தது. கிம்பாப்பைச் சுற்றியிருப்பதோ கடல்பாசி.

"பாசி கவுச்சிங்களா?"

"செடி மாதிரிங்கம்மா."

"கடல்ல கெடைக்கறதெல்லாம் கவுச்சிதான் அம்மிணி" என்று மாமா தீர்ப்புச் சொன்னார்.

"அப்ப உப்புங்கப்பா?"

மாமா தண்ணீர் குடித்தார். ரம்ஜானுக்குப் பாய் வீட்டிலிருந்து வரும் கடல்பாசியை வருடா வருடம் வழித்துச் சாப்பிடுகிறாரே என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அது எனக்கே வினையாகிவிட்டது. வெள்ளையாகத் தளதளவென்று ஒன்று வரப்போகிறது என்று காத்திருந்தவர் முன்னால் கன்னங்கரேலென்று தட்டு வந்தது. "கார்பன் பேப்பர்ல சோத்தச் சுத்தியிருக்கான் மாப்ள" என்றார்.

கிம் என்றால் அந்தப் பாசித்தாள், பாப் என்றால் சோறு. பாசியை அரிந்து, கழுவி, காகிதம் செய்வதுபோல் மெல்லப் பரப்பிக் காயவைத்துத் தாளாக்குகிறார்கள். அதன்மேல் சோற்றைப் பரத்தி, கேரட், கீரை, மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், வேண்டுமானால் முட்டை எல்லாம் நீளவாக்கில் அடுக்கி, மூங்கில் தட்டியால் சுருட்டி, நறுக்கிவிடுவார்கள். நாங்கள் முட்டை இல்லாமல் கேட்டோம். கொரியாவில் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவுக்கு இதைத்தான் எடுத்துப்போவார்கள் என்றாள் மகள்.

"கட்டுச்சோறுன்னு சொல்லு" என்றார் மாமா.

எங்கள் பக்கம் கட்டுச்சோறு என்றால் மாசமாயிருக்கும் பெண்ணுக்குச் செய்கிற விருந்து. அத்தை திடுக்கென்று தலை தூக்கி, "யாருக்குங்க?" என்றார்.

இனி ஆய்வு. வறுத்த பாசித்தாள் ரெண்டு தனியாக வந்திருந்தது. மாமா ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தார். "அறுவது ஜிஎஸ்எம் வரும்." ஜிஎஸ்எம் என்றால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். முழுத் தாள் 21-க்கு 19 சென்டிமீட்டர், எடை சுமார் 2.5 கிராம். 62 சொச்சம் வருகிறது! இந்த விரலுக்குக் கோயில் கட்டலாம்.

அடுத்தது விலை. ரோல் 300 ரூபாய், பத்துத் துண்டு. "பீஸு முப்பது ரூவாயா? டீ-சர்ட்டு முழுசாத் தெச்சுக் குடுத்தாலும் எனக்கு முப்பது நிக்கறதில்லீங்." அந்த ரோலைச் சுருட்டியவருக்கு அதில் எவ்வளவு போகும் என்று வேறு கேட்டார். அதற்குக் கடைக்காரர் பதில் சொல்லவில்லை.

இரண்டு ஓரத் துண்டுகளிலும் கேரட் நீட்டிக்கொண்டிருந்தது. "ரிஜெக்சன மேல வெச்சு அனுப்பியிருக்கான் பாரு." கொரிய வீடுகளில் அந்த ஓரத் துண்டுக்குத்தான் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள் என்றாள் மகள். "நம்மூர்ல ரிஜெக்சன் காதர்பேட்டைச் சந்தைக்குப் போயிரும்."

கடைசியில் ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

"நல்லெண்ணெயுங்!"

உண்மைதான். ஜப்பான் சுசிச் சோற்றில் வினிகர் சேரும். இதில் எள்ளெண்ணெயும் உப்பும். அவர்கள் எள்ளை வறுத்து ஆட்டுகிறார்கள், நாம் செக்கில் கருப்பட்டி போட்டு ஆட்டுகிறோம். வாசம் கொஞ்சம் வேறு, சாதி ஒன்றுதான். அதற்கப்புறம் மாமா பேசவில்லை. மூன்றாவது ரோல் சொல்லும்போது விலைகூடக் கேட்கவில்லை. ரிஜெக்சன் துண்டுகள் எப்போது காணாமல் போயின என்பதும் தெரியவில்லை.

பில் கொண்டுவந்த பையன் கறுப்பு டீ-சர்ட் போட்டிருந்தான், மார்பில் கொரிய எழுத்து. மகள் அதை எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும்போதே மாமாவின் கை டீ-சர்ட்டின் கீழ் ஓரத்துக்குப் போய்விட்டது. திருப்பினார், இழுத்தார்.

"பேட்லாக் தையல் உட்டிருக்குது. எங்க வாங்குன தம்பி?"

"காதர்பேட்டை, நூத்தம்பது ரூபா" என்றான் அந்த ஒடிசாப் பையன்.

மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். மாமா அவனுக்கு ஐம்பது ரூபாய் டிப்ஸ் வைத்தார். அவர் வாழ்க்கையில் அதுவே முதல்முறை.

திருப்பூர்ப் பக்கம் வந்தால், முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் சட்டை நுனியைத் திருப்பிப் பார்க்கக்கூடும். கோபித்துக்கொள்ளாதீர்கள். என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்பார். பாதி விலை சொல்லுங்கள். முழு விலையை அவர் தாங்கமாட்டார்.