காரைத் துறந்தவர்

பொன்னைத் துறந்தவர், மண்ணைத் துறந்தவர், இல்லறத்தைத் துறந்தவர் என்று பலவகைத் துறவிகளை நம் நாடு நெடுங்காலமாக அறியும். துறந்த பிறகு துறந்த பொருளைப் பற்றி வாய் திறவாதிருப்பதே அவர்களுக்கெல்லாம் பொதுவான லட்சணம். அண்மைக் காலத்தில் இந்த வரிசையில் புதிதாக ஒரு வகுப்பினர் வந்து சேர்ந்திருக்கின்றனர். இவர்கள் காரைத் துறந்தவர்கள். துறந்த நாள் முதலாக அதைப் பற்றியன்றி வேறொன்றும் பேசாதவர்கள்.

என் நண்பர் ஒருவர் இவ்வகுப்பின் பூரண உதாரணம். நாற்பத்தாறாவது வயதில், இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, உப்பையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தியர் சொன்ன மூன்றாம் நாள் காரை விற்றார். உலகம் வெப்பமடைவதைத் தம்மால் இயன்ற அளவு தடுக்கும்பொருட்டே விற்றதாக ஐந்தாம் நாள் அறிவித்தார். கார் நின்ற கொட்டகையில் இன்று மூன்று சைக்கிள்கள் நிற்கின்றன. அம்மூன்றின் விலையையும் கூட்டிப் பார்த்த அவருடைய மனைவியார், விற்ற காரையே திரும்ப வாங்கியிருந்தால் கையில் மிச்சமும் இருந்திருக்கும் என்று ஒரு தடவை சொன்னார். மறு தடவை சொல்ல அந்த அம்மாளுக்குச் சந்தர்ப்பம் அளிக்கப்படவில்லை.

சைக்கிளில் யாத்திரை போகத் தொடங்கிவிட்ட நம் நண்பருக்குப் பரம சத்துரு கனம். யாத்திரைக்குப் புறப்படுமுன் ஒரு சிறு தராசை மேஜைமேல் வைத்துக்கொண்டு, சைக்கிளின் இருபுறமும் தொங்கவிடப்படும் பைகளுக்குள் போகவேண்டிய ஒவ்வொரு பொருளையும் தங்கம் நிறுக்கும் ஆசாரியைப் போல் நிறுத்து, பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக அறுத்தெறிந்து, அதனால் ஏழு கிராம் லாபம் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். அன்று காலை ஓட்டலில் உட்கொண்ட பொங்கலையும் இரண்டு வடைகளையும் அந்தத் தராசில் வைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இத்தகைய மனிதர் யாத்திரைக்குத் தேர்ந்தெடுத்த க்ஷேத்திரம் கோடிக்கரை. தெற்கு நோக்கி வந்த சோழமண்டலக் கரை திடீரென்று மேற்கே முழங்கை மடக்கினாற்போலத் திரும்பும் அந்த மூலையில், ஒரு பக்கம் வங்காள விரிகுடாவும் மறு பக்கம் பாக் நீரிணையும் இருக்க, இடையே உலர்ந்த பசுமைக்காடும், உப்புச் சதுப்பும், உப்பளங்களுமாகப் பூமி பரந்து கிடக்கிறது. 1967-ஆம் ஆண்டில் அங்கே வனவிலங்கு சரணாலயம் ஏற்பட்டது. 2002-இல் சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலும் அவ்விடம் சேர்ந்தது. வெளிமான் உண்டு, வளர்ப்பவரின்றித் தாமே காட்டில் திரியும் குதிரைகளும் உண்டு, பனிக்காலத்தில் வந்து சேரும் பறவைகளுக்கோ கணக்கில்லை. இல்லாதது ஒன்று உண்டானால் அது மேடு. ராமர் பாதம் என்று சொல்லப்படும் மணற்குன்று ஒன்றைத் தவிர அந்தப் பிரதேசம் முழுவதும் உள்ளங்கைபோல் தட்டை. நமது நண்பரின் சைக்கிளிலோ இருபத்துநான்கு கியர்கள். அவற்றுள் இருபத்துமூன்று கோடிக்கரையில் தரிசனத்துக்காக மட்டும் எடுத்துச் செல்லப்படுகின்றன. அவற்றின் கனத்தை அவர் நிறுத்துப் பார்த்ததாகவும் தெரியவில்லை.

கோணியில் சுற்றிச் சைக்கிளை ரயிலின் பார்சல் வண்டியில் ஏற்றித் திருத்துறைப்பூண்டியில் இறங்கி, அங்கிருந்து வேதாரணியம் வரையில் மிதித்து, மறுநாள் விடியலில் கோடிக்கரைக்குரிய சுமார் 11 கிலோமீட்டரைக் கடப்பது அவருடைய முறை. 2023-ஆம் ஆண்டு முதல் அகத்தியாம்பள்ளி வரையில் மீண்டும் ரயில் ஓடுகிறதே, அதிலேயே போகலாமே என்று கேட்டேன். ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

கார்த்திகையில் நிகழ்ந்த முதல் யாத்திரையை நான் நேரில் கண்டிலேன். காரைத் துறந்தவரைக் கார் துறக்கவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன். (கார் என்பது ஆவணி புரட்டாசிக்கு உரியது, கார்த்திகை மழை கூதிரைச் சேர்ந்தது என்று தமிழாசிரியர்கள் என்னைத் திருத்த வருவார்கள், மேகத்துக்கும் அப்பெயர் உண்டென்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.) அந்த மழையில் வேதாரணியம் திரும்புவதற்கு அவர் பஸ்ஸில் ஏறினார் என்பதும், பஸ்ஸுக்குச் சக்கரங்கள் ஆறு ஆதலால் நான்கு சக்கரமுடையதாகிய கார் என்னும் இலக்கணத்தில் அது அடங்காது என்று பாஷ்யகாரர்களும் வியக்கும்படி வியாக்கியானம் செய்தார் என்பதும் பின்னால் தெரிய வந்தன.

தை மாதக் கடைசியில் நேர்ந்த மூன்றாவது யாத்திரைக்கு என்னையும் அழைத்தார். யாத்திரை என்பது தனியே செல்வதுதான் என்பது அவருடைய சித்தாந்தம். தனியே சென்றதைச் சொல்லிக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருப்பது அச்சித்தாந்தத்துக்கு ஏற்பட்ட சிறு இடைஞ்சல். கடற்கரைக் காட்டில் துணையின்றித் தனித்திருக்கிறீரே என்று அவ்வூர்ச் சிவபெருமானாகிய கோடிக்குழகரைப் பார்த்துச் சுந்தரர் இரங்கிப் பாடினார். எங்கள் யாத்திரிகருக்காக இரங்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. நான் பஸ்ஸில் வருவதாகச் சொல்லி ஒப்புக்கொண்டேன்.

புறப்பட்ட காலையில் முதலில் அகத்தியாம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூபியருகே அவர் இறங்கி நின்று படமெடுத்துக்கொண்டாராம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து இவ்வளவு தூரமும் கால்நடையாக வந்தாரே, அவரன்றோ நம் மரபின் ஆதிபுருஷர் என்று பிறகு என்னிடம் உருகினார். அவர்கள் வந்தது உப்பை எடுக்க, நீர் வருவது உப்பைக் குறைக்க என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

அந்தச் சாலையில் அவரைத் தவிர வேறு சைக்கிள்களும் போயின என்பதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். உப்பளத்துக்கு வேலைக்குச் செல்வோரும், பின்னால் கேரியரில் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு விற்கப் போவோருமாக, கியரும் இல்லாமல், சில வண்டிகளில் பிரேக்கும் இல்லாமல், கட்டிய லுங்கியும் தலையில் சுற்றிய துண்டுமாக அவர்கள் இவரை நிதானமாகக் கடந்து சென்றுகொண்டிருந்தார்கள். உலகம் வெப்பமடைவதைத் தடுக்கும் கைங்கரியத்தில் தாமும் ஈடுபட்டிருப்பதை அவர்களுக்கு ஒருவரும் தெரிவித்திருக்கவில்லை. அவர்களுள் முதியவர் ஒருவர், கண்ணைப் பறிக்கும் மஞ்சள் சட்டையும் காளான்போன்ற தலைக்கவசமுமாக வேர்த்து விறுவிறுத்து வந்த நம் நண்பரைப் பார்த்து மனமிரங்கி, வண்டியை மெதுவாக்கிக்கொண்டு விசாரித்தாராம்.

“ஏன் தம்பி, பஸ்ஸு போயிருச்சா?”

இந்தக் கேள்விக்குத் தக்க விடையை நண்பர் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்.

நான் ஏறியிருந்த பஸ் அந்தச் சாலையில் வந்தபோது, ஓரிடத்தில் சைக்கிள் சக்கரங்கள் வானத்தை நோக்கத் தலைகீழாக நிற்பதையும், அதன் அடியில் மஞ்சள் நிறமாக ஒன்று குந்தியிருப்பதையும் கண்டு, கண்டக்டரிடம் சொல்லி இறங்கிக்கொண்டேன். சீமைக்கருவேல முள் தைத்திருந்தது. அந்தப் பயணத்தில் அது இரண்டாவது முள். டயரிலிருந்து முள்ளைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அந்த மரம் இந்நாட்டுக்கே உரியதன்று, மெக்சிக்கோவும் தென்னமெரிக்காவுமே அதன் தாயகம், விறகுக்கென்று கொண்டுவந்து நட்டார்கள், இன்று பாலை மரம் வளரவேண்டிய காட்டையெல்லாம் அது கவ்விக்கொண்டது என்று அவர் பிரசங்கத்தைத் தொடங்கினார். சொன்னவையெல்லாம் உண்மை. ஆனால் ஒரு மரத்தின்மேல் இவ்வளவு சாஸ்திரோக்தமான துவேஷம் டியூப் கிழிந்தவருக்கன்றி வேறு யாருக்கும் வராது.

பசை உலரும் வரையில் வேறு வேலையில்லாமையால் நாங்கள் இருவரும் ஒரு புதரின் நிழலில் உட்கார்ந்தோம். சிறிது நேரத்தில் எதிரே ஆழமற்ற நீரின் ஓரத்தில் மண்கட்டிகள் என்று நான் எண்ணியிருந்தவை ஓடத் தொடங்கின. கொசு உள்ளான்கள். உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய, முப்பது கிராமுக்கு முன்பின்னாக நிறை கொண்ட அந்தப் பறவைகள், வடதுருவத்தை அடுத்த சைபீரிய வெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இங்கே பனிக்காலத்தைக் கழிக்க வருகின்றன; பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாகக் கோடிக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விட்டு இப்படிப்பட்ட வரவையும் போக்கையும் ஆராய்ந்து வந்திருக்கின்றனர். அறுத்தெறிந்த பிரஷ் காம்பின் கணக்குப்படி, நாலு காம்புக்குச் சற்று அதிகமான பறவை. பம்பு இல்லை, டியூப் இல்லை, நோட்டுப் புத்தகமும் இல்லை. நண்பர் வெகு நேரம் பேசாமலிருந்தார்.

அப்பால் வெகு தூரத்தில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. பூநாரைகள். நீண்ட கழுத்தைத் தணித்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்று நீரைச் சல்லடைபோல் அரித்து உண்பது அவற்றின் வழக்கம். தின்னும் இரையிலுள்ள நிறமே அவற்றின் சிறகிலும் ஏறுகிறது. தலைகீழாக நின்ற சைக்கிளையும் தலைகீழாக உண்ணும் பறவையையும் ஒரே பார்வையில் காணும் பாக்கியம் எனக்கு அன்று கிட்டியது.

பசை உலர்ந்தது, அவர் எழுந்தார், மஞ்சள் சட்டை புதரை விட்டு வெளிப்பட்டவுடனே உள்ளான்கள் அத்தனையும் ஒரே வீச்சில் மறைந்தன. காரிலும் ஜீப்பிலும் செல்பவரை ஏதோ ஒரு பெட்டி நகர்கிறதென்று பறவையும் மானும் பல சமயங்களில் பொறுத்துக்கொள்கின்றன, மனித உருவம் வெளிப்படையாகத் தெரிந்தால்தான் ஓடுகின்றன என்னும் உண்மை நம் யாத்திரிகரின் நெஞ்சை உறுத்தும் பெருந்துயரம். இதை அவர் வெளியே சொல்வதில்லை. நானும் இதற்குமேல் சொல்லப்போவதில்லை.

அன்றிரவு விடுதியில் அவர் குளிக்கப் போயிருந்த சமயம் அந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். செய்யக்கூடாத காரியந்தான். ஒரு பக்கத்தில் கிலோமீட்டர், சராசரி வேகம், குடித்த தண்ணீர், எதிர்ப்பக்கத்தில் பறவைகள். மூன்று யாத்திரைகளிலும் சேர்த்துப் பதினெட்டுப் பறவைகளின் பெயர்கள் எழுதியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேரே குறித்திருந்த மணியைக் கிலோமீட்டர்ப் பக்கத்தோடு ஒத்துப் பார்த்தபோது, பதினாறு பறவைகள் பஞ்சர் ஒட்டிய வேளைகளில் கண்டவை என்றும், எஞ்சிய இரண்டும் டீக்கடை வாசலில் கண்டவை என்றும் தெரிந்தது. அந்த இரண்டில் ஒன்று காகம்.

திரும்பும் வழியில் வாடைக் காற்று முகத்தில் அறைந்தது. போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிய அதே காற்றைத் தம் கால்வலிமை என்று எண்ணி, மணிக்கு இருபத்தாறு கிலோமீட்டர் என்று பெருமையோடு எழுதி வைத்திருந்தவர், திரும்பிய வேகத்தை எழுதவே இல்லை. உப்புக் காற்றில் இரண்டே நாளில் செயின் செம்பட்டை பூத்துக் கிரீச்சிட்டது. வேதாரணியத்தில் சைக்கிள் கடைக்காரர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நல்ல வண்டிதாங்க சார், நம்ம ஊருக்குத்தான் ஆகாது” என்று சொல்லி, பழைய எண்ணெயை ஒரு துணியில் நனைத்துத் தடவிக்கொடுத்து, காசு வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

வரும் மார்கழியில் நண்பர் மறுபடியும் கோடிக்கரைக்குப் புறப்படுகிறார். முள் தைக்காத ஒரு புதுவகை டயரை வரவழைத்திருப்பதாகவும், இனி நடுவழியில் நிற்கவே வேண்டியிராது என்றும் சொல்கிறார். எனக்கு அது கவலையாயிருக்கிறது. இம்முறை நானும் சைக்கிளிலேயே வருவதாக வாக்களித்துவிட்டேன். ஆகையால், கியர் இல்லாததும், பின்னால் கேரியர் உள்ளதும், கனத்த இரும்பினால் ஆனதுமான பழைய சைக்கிள் ஒன்றை வைத்திருக்கும் வாசகர் எவரேனும் இருப்பின், ஒரு மாதத்துக்கு எனக்கு இரவலாகத் தந்துதவ வேண்டுகிறேன். டயர் தேய்ந்திருந்தால் பாதகமில்லை.