சுத்திப் பாக்காம துட்டை அவுக்காதீரும்

வாரும் மாப்ளே. பழைய கணக்கு மிஷினா வாங்கி அடுக்கப் போறேராமே? எம்மவ சொன்னா. செய்யும்வே. பாசிட் மிஷின் சுத்திச் சுத்தியே ஆபீசுல காய்ச்ச கை இது. ரெண்டு வார்த்தை சொல்லிப்புடுதேன்.

யேவாரி ஒருத்தன், "அபூர்வம் சார், ரஷ்யாச் சாமான்"னு பெலிக்ஸ் மிஷினை நீட்டுவான். நீரும் கண்ணுல ஒத்திக்கிடுவீரு. 1929லருந்து 1970கள் வரைக்கும் லட்சலட்சமா செஞ்சு தள்ளுனதுவே அது! ரகசியப் போலீசு நடத்துன பெலிக்ஸ் ஜெர்ஜின்ஸ்கி பேரைத்தான் அதுக்கு வச்சான். அங்கன அபூர்வம்னா அது நீருதான்.

பேரைப் பாத்துக் குலம் சொல்லாதீரும். பெலிக்ஸும் சரி, ஜெர்மன்காரன் பிரன்ஸ்விகாவும் சரி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருந்த சுவீடன்காரரு ஓட்னர் வழிதான். பிரன்ஸ்விகாக்காரன் 1892ல அவருகிட்ட உரிமை வாங்கினான். புரட்சிக்கப்புறம் ஓட்னர் குடும்பமே சுவீடனுக்குப் போயி, "ஒரிஜினல் ஓட்னர்"னு பேரு போட்டு வித்துச்சு. சொந்தப் பேருக்கே சாட்சி வைக்க வேண்டியதாப் போச்சு, பாத்தேரா?

குலம் தெரியணும்னா கைப்பிடியை மெதுவாச் சுத்தும். எண் வைக்கிற முள்ளும் உருளையோட சேந்து உருண்டா, பெரும்பாலும் ஓட்னர் வகையறா. 7ல வச்சா உள்ள 7 பல்லு வெளிய நீட்டும். முள்ளு அசையாம நிக்க உள்ள மட்டும் உருண்டா, 1820ல பாரிஸ்ல தாமஸ்ங்கிறவரு காப்புரிமை வாங்குன படிப்பல் உருளையா இருக்கலாம்.

அப்புறம், ஓட்னர் வகையில எல்லாம் சுழியமா இருக்கையில 1 வச்சுப் பின்பக்கமா ஒரு சுத்து விடும். மணி இருந்தா 'ணங்'குனு அடிக்கும்; 9 வரிசையா வந்து நிக்கணும். நடுவுல எவனாவது 0ன்னு முழிச்சா, பத்தைக் கடத்துற பல்லு மக்கர். இடது ஓரத்துல ஒண்ணு ரெண்டு கட்டம் சும்மா கெடந்தா பதறாதீரும். சில மிஷின்ல அம்புட்டு தூரம் கடத்துற ஏற்பாடே கெடையாது. யேவாரிகிட்ட மட்டும் கொஞ்சம் பதறிக் காட்டும், விலை இறங்கும்.

இறுகிக் கெடந்தா வீரத்தைக் காட்டாதீரும். பழைய எண்ணெய் பிசினாயிருக்கும். கைப்பிடி பாதிச் சுத்துல நின்னாலும் விடைக்கட்டம் இருக்கிற வண்டி நகராது. அதை இழுத்து ஒடிச்சுப்புட்டு, "வாங்கும்போதே இப்படித்தான்"னு சொல்லாதீரும்.

கூர்ட்டா மேல கண்ணு இருக்கோ? புகன்வால்டு வதைமுகாம்ல கைதியாக் கெடந்த கூர்ட் ஹெர்ட்ஸ்டார்க் படம் வரைஞ்சு உருவாக்குனது. 1948லருந்து லிக்டன்ஸ்டைன்ல செஞ்சாங்க. அந்த மனுசனை நான் கேலி பேச மாட்டேன். மிஷின் மிளகு அரைக்கிற குடுவை கணக்கா உள்ளங்கையில அடங்கும். விடைக்கு 11 கட்டம்னா முதல் ரகம், 15ன்னா ரெண்டாவது. உலோக டப்பா மூடி மட்டும் எதிர்ப்பக்கம் திருகுனாத்தான் தொறக்கும். தெரியாம முறுக்கி மானத்தை வாங்காதீரும். கூர்ட்டா கைப்பிடி பின்பக்கம் சுத்தாது. கழிக்கணும்னா கைப்பிடியை மேல இழுத்துக்கிட்டு முன்பக்கமே சுத்தணும்.

விலை என்னன்னு எம்மவ கேப்பா. கைப்பிடியை மேல இழுத்து, நாலு சுத்து விட்டுட்டு, நிக்கிற தொகையைச் சொல்லும்.