ஆடு சொல்லும் வைத்தியம்

வா தம்பி, வா. வேப்பமரத்தாண்ட வரும்போதே இருமல் சத்தம் கேட்டுச்சு, நீதான்னு தெரிஞ்சிடுச்சு. பையை அப்படித் திண்ணை ஓரமா வெச்சிட்டு உக்காரு. என்னது, மூலிகையா? கிரிவலப் பாதை ஓரத்துலயே பறிச்சதா? பலே! பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்குல சனம் 14 கிலோமீட்டர் சுத்துற ரோடு அது. விடிய விடிய நடக்குறவன் அவசரத்துக்கு எங்க ஒதுங்குறான்னு உனக்குத் தெரியாது, அந்தப் புதருக்குத் தெரியும். அந்தத் தழையில கஷாயம் வெச்சா ஒரு சௌகரியம் இருக்குது. உப்புத் தனியா போட வேண்டாம்.

போன்ல படம் புடிச்சா செடி பேரைச் சொல்லுதாமே. என் பேத்தியும் வெச்சிருக்கா. என் மூஞ்சியப் புடிச்சுப் பார்த்துட்டு எனக்கு 52 வயசுன்னு சொல்லுச்சு. எனக்கு 78 முடிஞ்சிடுச்சு. அதுலருந்து அந்த போன் மேல எனக்கு ரொம்ப மரியாதை. செடி விஷயத்துல மட்டும் நம்ப மாட்டேன்.

பனிக்காலம் வந்தா இந்த அடி அண்ணாமலையில இருமாத வீடு கிடையாது. தீபம் முடிஞ்சு மார்கழி பொறந்தா மலைப்பனி அப்படியே இறங்கி நெஞ்சுல குந்திக்கும். மாணிக்கவாசகரு இங்க வந்துதான் திருவெம்பாவை பாடினாருன்னு சொல்லி அவருக்குக் கோயிலே இருக்குது பாரு. அந்தப் பனியில விடியக்காலம் பாடணும்னா அவரும் எதையோ காய்ச்சிக் குடிச்சிருப்பாரு. என்னன்னு எழுதாம விட்டுட்டாரு, அதான் எனக்கு வருத்தம்.

என் கணக்கு தூதுவளைதான். வேலியில படரும், ஊதாப்பூ, பழுத்தா செவப்பு. தண்டுல முள்ளு, இலைக்கு அடியிலயும் முள்ளு. அதை ஒவ்வொண்ணாக் கிள்ளிப் போட்டுட்டு, நெய்யில வதக்கி, மிளகும் புளியும் வெச்சு அரைச்சா சோத்துக்குத் துவையல், கரைச்சா ரசம். ராத்திரி பாதையில சூப்புன்னு கப்புல ஊத்திக் குடுக்குறானே, அதுல மிளகுத்தூள் காரம்தான் முன்ன நிக்கும், தூதுவளை பின்னாடி எங்கயோ நடந்து வரும். கை கீறாமப் பறிச்சேன்னு எவனாச்சும் சொன்னா அவன் பறிச்சது தூதுவளை இல்ல. எங்க, உன் கையக் காட்டு. பட்டு மாதிரி இருக்குதே!

ஓ, நீ கொண்டாந்தது ஆடாதோடையா. அதைச் சொல்லு மொதல்ல. போன மாசம் இதே திண்ணையில குந்திக்கிட்டு, இங்கிலீஷ் மருந்து பாட்டிலைத் தொட மாட்டேன்னு ரெண்டு மணி நேரம் பேசினியே. அந்தப் பயத்தை நான் கிண்டல் பண்ண மாட்டேன். 2025ல நம்ம காஞ்சிபுரம் ஜில்லாவுல தயாரிச்ச இருமல் மருந்தைக் குடிச்சு மத்தியப் பிரதேசத்துல, சிந்துவாடா பக்கம், பச்சைப் பிள்ளைங்க செத்துச்சுங்க. சோதிச்சா, நூத்துக்கு 48 பங்குக்கு மேல டைஎத்திலீன் கிளைக்கால். தொழிற்சாலையில கரைப்பானா ஊத்துற சாமான், சிறுநீரகத்தை அடிச்சிடும்.

ஆனா ஒரு கதை கேளு. சளி கரையணும்னு கடையில குடுக்குறானே புரோம்ஹெக்சின், அது யாருன்னு நெனச்ச? ஆடாதோடை இலையில வாசிசின்னு ஒரு சத்து இருக்குது. அதைப் பார்த்து 1960கள்ல ஜெர்மனிக்காரன் செஞ்சது. அது உடம்புக்குள்ள போயி மாறுனா ஆம்ப்ராக்சால், அதையும் தனியா பாட்டில்ல அடைச்சிட்டான். பேத்தி மருந்தாளுநர் படிப்புல படிச்சிட்டு வந்து சொன்னா. நம்ம வேலியோரத்துக் கெழவியோட பேரப்பசங்க பேன்ட்டு மாட்டிக்கிட்டு மருந்துக்கடையில வேலை பாக்குறானுங்க. நீ பேரன்கிட்ட பேச மாட்டேன்னு முறைச்சிக்கிட்டு கெழவியத் தேடி வந்திருக்க. வா, தப்பில்ல.

நாலு இலை, அஞ்சு மிளகு, ரெண்டு டம்ளர் தண்ணி. அரை டம்ளராச் சுண்டணும். தேன் விட்டுக் குடி. நல்லதாச்சேன்னு சொம்பு நெறைய மோந்து குடிச்சின்னா, சளி வர்ற வழியிலயே காலையில தின்ன இட்லியும் வரும். மாசமா இருக்குற பொம்பளைக்கு இதைக் குடுக்கவே குடுக்காத. ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேனைத் தொட்டுக்கூட வைக்காத.

எங்க பெரியப்பாவுக்கு மூச்சு எளைப்பு. எவனோ சொன்னான்னு ஊமத்தை இலையைக் காய வெச்சு பீடியாச் சுத்திப் புடிச்சாரு. எளைப்பு அடங்கினது வாஸ்தவம். ஆனா ராத்திரி பூரா விளக்குக் கம்பத்தைத் தன்னோட மச்சான்னு நெனச்சு, 20 வருஷத்துக் கடன் பாக்கியைக் கேட்டுக்கிட்டு நின்னாரு. விடிஞ்சதும் கம்பம் குடுக்கலன்னு ஒதைச்சதுல கால் கட்டைவெரல் ஒடஞ்சுது. பொழைச்சதே பெருசு. ஊமத்தை விளையாட்டுச் சாமான் இல்ல.

உனக்கு எத்தனை நாளா இருமல்? மூணு வாரமா! அடப்பாவி, அதை இப்பச் சொல்ற? ரெண்டு வாரம் தாண்டினா இலையும் வேண்டாம், கெழவியும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயி சளியைப் பரிசோதனைக்குக் குடு, காசு கேக்க மாட்டாங்க. ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும், நானே உனக்குக் காய்ச்சித் தர்றேன். எங்க வீட்டுத் தொட்டியில கற்பூரவல்லி இருக்குது, காடு மேடெல்லாம் சுத்தத் தேவையில்ல.

ஆடாதோடைன்னு பேரு எப்படி வந்துச்சு சொல்லு? ஆடு தொடாத இலை. அம்மாங் கசப்பு. பசிச்ச ஆடுகூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். அதனாலதான் கொல்லைக்கு வேலியா வெப்பாங்க.

சரி, அந்தப் பையை எடு பாப்போம்... அடடா, திரும்பிப் பாரு தம்பி. எங்க செவலை ஆடு உன் பையில தலைய உட்டுக்கிட்டு, முக்கால் பங்கைத் தின்னு முடிச்சிட்டு, இன்னும் இருக்குதான்னு உன்னையே பாக்குது.