பெயர் தெரிகிறது, வயல் தெரியவில்லை

பெறுநர்:
ஒன்றிய வேளாண்மை மற்றும் உழவர் நல அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: பிஎம் கிசான் பயனாளிகள் பட்டியலைப் பாராட்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் இணையதளத்தில் மாநிலத்தில் தொடங்கிக் கிராமம் வரைக்கும் தட்டிக்கொண்டே போனால், பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வாங்குகிற உழவர்களின் பட்டியல் வந்துவிடுகிறது. வரிசை எண், பெயர், ஆணா பெண்ணா. வேறென்ன வேண்டும்? நிலம் எங்கே, எத்தனை ஏக்கர், உழுகிறவர் யார் என்று கேட்பது அடுத்த வீட்டு அடுக்களையை எட்டிப் பார்ப்பது போலாகும் என்று நாகரிகமாக விட்டுவிட்டீர்கள் போலும்.

இந்த நாகரிகத்தின் அருமை 2020இல்தான் எங்களுக்குப் புரிந்தது. ஊரடங்கு நேரம். பட்டியலில் பெயர் சேர்க்கும் அதிகாரிகளின் கடவுச்சொல் தரகர்கள் கைக்கும் கணினி மையங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கம் கொரோனா பணம் வருகிறது என்று சொல்லி ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கிக்கொண்டு, நிலமில்லாதவர்களையும் பட்டியலில் சேர்த்தார்கள். செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கணக்குச் சொன்னது: தகுதியில்லாதவர்கள் ஐந்தரை லட்சம் பேர், போன பணம் 110 கோடி. ஒப்பந்தப் பணியாளர்கள் 80 பேருக்கு வேலை போயிற்று, சிபிசிஐடி வந்தது. தெருவில் யாராவது முன்கூட்டியே பட்டியலைப் பார்த்திருந்தாலும் என்ன கண்டுபிடித்திருப்பார்கள்? பெயர் சரியாக இருந்திருக்கும். பெண் என்று போட்டிருந்ததும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு வங்கிக் கணக்கிலிருந்தே பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். நாற்று நட்டு, களை பறித்துக் கூலி வாங்குகிறவள் போலி விவசாயி என்றானாள். சொந்த நிலம் இல்லையே!

உண்மையான விவசாயி யார் என்பதில் தங்களுக்குக் குழப்பமே கிடையாது. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் அவர் பேரில் இருக்க வேண்டும். முதலில் வைத்திருந்த இரண்டு ஹெக்டேர் நில வரம்பையும் அதே ஆண்டிலேயே எடுத்துவிட்டீர்கள். வருமான வரி கட்டுகிறவருக்கு இந்தப் பணம் கிடையாது என்கிறது விதி. விவசாய வருமானத்துக்கோ வரியே கிடையாது. ஆக, ஐம்பது ஏக்கர் வைத்துக்கொண்டு, அதன் வருமானத்திலேயே சென்னையில் காலாட்டிக்கொண்டு இருப்பவரும் ஏழை உழவர்தான். (இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டினேன்.)

அந்த ஐம்பது ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, நகையை அடகு வைத்து நடவு போட்டு, தண்ணீர் வருமா என்று மேட்டூர் அணைச் செய்தியையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு தவணையும் இல்லை. குத்தகை உரிமையைப் பதிய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் காவிரி டெல்டாவில் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். எழுதிக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது.

எனவே ஒரு சிறு விண்ணப்பம். பட்டியலில் இன்னும் மூன்று கட்டம் போடுங்கள்: சர்வே எண், பரப்பு, சாகுபடி செய்கிறவர் பெயர். சர்வே எண் ரகசியம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பட்டா, சிட்டாவை எங்கள் மாநில அரசின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பட்டியலை ஊராட்சியில் ஒட்ட வேண்டும் என்று தங்கள் வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. ஒட்டினால் மட்டும் போதாது, கிராமசபையில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். யாருடைய வயல், யார் உழுகிறார் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
பட்டியலில் பெயர் தேடிக் களைத்த ஒருவன்